அஞ்சல் எண் மறைத்த காரீயம்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ளது ஃபிளின்ட் நகரம். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1908-இல் தொடங்கப்பட்டது இங்கேதான். 1960-இல் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் வாழ்ந்தார்கள். ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, கையில் காசு உள்ளவர்கள் புறநகருக்குக் குடிபெயர்ந்தார்கள். 2014-இல் நகரத்துக்குள் எஞ்சியவர்கள் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். அவர்களில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். பத்தில் நான்கு பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே. நகர நிர்வாகம் கடனில் தத்தளித்ததால், மக்கள் தேர்ந்தெடுத்த மேயருக்கும் மன்றத்துக்கும் மேலே ஓர் அவசரகால மேலாளரை மாநில அரசு உட்கார வைத்திருந்தது.

செலவைக் குறைக்க வேண்டும் என்ற முனைப்பில், 2014 ஏப்ரல் 25 அன்று நகரத்தின் குடிநீரை மாற்றினார்கள். அதுவரை டெட்ராய்ட் நகரம் ஹியூரான் ஏரியிலிருந்து எடுத்துச் சுத்திகரித்து அனுப்பிய தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு, ஊருக்கு நடுவே ஓடும் ஃபிளின்ட் ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் விட்டார்கள்.

அடுத்த பதினெட்டு மாதங்களில் நடந்தது உலகறிந்த கதை. அந்தக் கதையில் பலரும் மேலோட்டமாகக் கடந்துபோகும் பகுதி ஒன்று உண்டு. குழந்தைகளின் ரத்தத்தில் காரீயம் ஏறிக்கொண்டிருந்ததற்கான சான்று அரசின் கணினிகளிலேயே கிடந்தது. ஆனாலும் தெரியவில்லை. பரிசோதனை தவறவில்லை, ஆய்வகம் தவறவில்லை. கணக்குப் போட்டவர்கள் "ஃபிளின்ட்" என்று எந்த எல்லையை எடுத்துக்கொண்டார்கள் என்பதில்தான் கோளாறு.

தண்ணீரிலிருந்தே தொடங்குவோம். ஒவ்வொரு தெருவிலும் பெரிய குழாய் ஒன்று ஓடுகிறது. அதிலிருந்து வீட்டுக்குப் பிரியும் சிறு இணைப்புக் குழாய் பழைய வீடுகள் பலவற்றில் காரீயத்தால் ஆனது. வளைக்க எளிது, துருப்பிடிக்காது என்று அக்காலத்தில் அதை விரும்பிப் பதித்தார்கள். இணைப்புகள் காரீயக் குழாயாகவே இருக்க வேண்டும் என்று 1897-இல் ஃபிளின்ட் நகரம் விதியே போட்டது. புதிதாகக் காரீயக் குழாய் பதிப்பதை அமெரிக்கா 1986-இல் தடைசெய்தது. ஆனால் ஏற்கெனவே புதைந்தவை புதைந்தபடியே இருந்தன.

பல ஆண்டுகளாக அவை பெருந்தீங்கு செய்யாமல் இருந்ததற்கு ஒரு வேதியியல் காரணம் உண்டு. டெட்ராய்ட்டின் சுத்திகரிப்பு நிலையத்தில் தண்ணீரோடு சிறிதளவு பாஸ்பேட் சேர்ப்பார்கள். அது காரீயத்தோடு வினைபுரிந்து, கரையாத படலமாகக் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். வெந்நீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்புப் படிகிறதே, ஏறக்குறைய அப்படி. தண்ணீருக்கும் உலோகத்துக்கும் இடையே அந்தப் படலம் திரையாக நிற்கும். ஆற்றுத் தண்ணீருக்கு மாறியபோது பாஸ்பேட் சேர்ப்பதை விட்டுவிட்டார்கள். ஆற்று நீரில் குளோரைடு கூடுதல். கலங்கலைத் தெளியவைக்கப் போட்ட ஃபெரிக் குளோரைடு அதை இன்னும் கூட்டியது. அரிக்கும் தன்மை கொண்ட அந்தத் தண்ணீர் படலத்தைக் கரைத்தது, பெயர்த்தது, கடைசியில் காரீயத்தையே தொட்டது.

2014 அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் எஞ்சின் ஆலைக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று வேறு இணைப்புக்கு மாறிக்கொண்டது. இயந்திரப் பாகங்கள் அரித்துப்போவதாக அவர்கள் சொன்னார்கள். இரும்பை அரிக்கும் தண்ணீரை ஊர்ப் பிள்ளைகள் குடித்துக்கொண்டிருந்தார்கள். எச்சரிக்கை மணி அன்றே அடித்திருக்க வேண்டும்.

மக்கள் சும்மா இருக்கவில்லை. பழுப்பாக வந்த தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு நகர மன்றக் கூட்டங்களுக்குப் போனார்கள். குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் தடிக்கிறது, முடி கொட்டுகிறது என்றார்கள். தண்ணீரில் குறையில்லை என்ற பதிலே திரும்பத் திரும்ப வந்தது. லீஆன் வால்டர்ஸ் என்ற தாய் விடவில்லை. 2015 தொடக்கத்தில் அவர் வீட்டுத் தண்ணீரைச் சோதித்தபோது லிட்டருக்கு 104 மைக்ரோகிராம் காரீயம் இருந்தது. அடுத்த சோதனையில் 397. நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்று அப்போதைய அமெரிக்க விதி சொன்ன அளவு 15. அவர் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்ட மத்தியச் சுற்றுச்சூழல் முகமையின் அதிகாரி மிகெல் டெல் டோரல், அரிப்பைத் தடுக்கும் மருந்து எதுவும் சேர்க்கப்படவில்லை என்று ஜூன் மாதம் குறிப்பு எழுதினார். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் மார்க் எட்வர்ட்ஸ் குழு 300 மாதிரிப் பெட்டிகளை அனுப்பியது. வீடு வீடாகப் போய் அவற்றைக் கொடுத்து, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லித்தந்து, திரும்ப வாங்கி அனுப்பியவர்கள் ஊர்க்காரர்களே. 250-க்கு மேற்பட்ட பெட்டிகள் நிரம்பித் திரும்பின. 

இப்போது தண்ணீரில் காரீயம் இருப்பது உறுதி. குழந்தைகளின் உடம்புக்குள் அது போனதா என்பது அடுத்த கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை தரும் தரவு மருத்துவமனையில் இருந்தது.

மோனா ஹன்னா-அத்திஷா ஃபிளின்ட்டில் உள்ள ஹர்லி மருத்துவ மையத்தின் குழந்தை மருத்துவர். 2015 ஆகஸ்ட் இறுதியில் ஒரு விருந்தில், குடிநீர்ப் பொறியாளரான அவருடைய பள்ளித் தோழி எலின் பெத்தான்சோ, அரிப்பைத் தடுக்கும் மருந்து இல்லாமல் தண்ணீர் ஓடுகிறது, குழந்தைகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார் என்றார். அன்றிலிருந்து அவர் உறங்கவில்லை என்றே சொல்லலாம். காரீயம் உடலுக்குள் கால்சியத்தின் வேடத்தில் நுழைகிறது, எலும்பில் தங்குகிறது, வளரும் மூளையில் நரம்புகள் பேசிக்கொள்ளும் இடத்தில் குறுக்கிடுகிறது. இந்த அளவு வரை பாதுகாப்பு என்று சொல்லக்கூடிய எல்லை எதுவும் இல்லை. ஏறிய பிறகு மூளைக்கு நேர்ந்ததைத் திருப்ப மருந்தும் இல்லை.

ஏழைக் குழந்தைகளுக்கு ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் ரத்தத்தில் காரீயம் பார்ப்பது அங்கே வழக்கம். எனவே முடிவுகள் கணினியில் குவிந்திருந்தன. ஜென்னி லாச்சான்ஸ் என்ற ஆய்வு ஒருங்கிணைப்பாளருடன் சேர்ந்து ஹன்னா-அத்திஷா அவற்றை எடுத்தார். இங்கே அவர் செய்த ஒரு காரியத்தைக் கவனிக்க வேண்டும். காரீய அளவு கோடையில் ஏறும், குளிர்காலத்தில் இறங்கும். சன்னல் திறப்பு, மண்ணில் விளையாட்டு, பழைய பெயின்ட் தூசு என்று அதற்குப் பல காரணங்கள். ஃபிளின்ட்டில் 2014 கோடையில் ஏற்றம் இருப்பதை மாநிலச் சுகாதாரத் துறையின் உள்ளேயே ஒருவர் கவனித்துச் சொல்லியும், பருவ மாற்றம் என்று ஒதுக்கிவிட்டார்கள். அந்த வாதத்துக்கு இடமே கொடுக்காமல் 2013 ஜனவரி 1 முதல் செப்டம்பர் 15 வரை ஒருபுறமும், 2015-இல் அதே நாட்களை மறுபுறமும் வைத்து அவர் ஒப்பிட்டார்.

செப்டம்பர் 24 அன்று செய்தியாளர்களை அழைத்து அவர் வெளியிட்ட முதற்கணக்கு அஞ்சல் எண் வாரியானது. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காரீயம் உள்ள குழந்தைகள் 2.1 சதவீதத்திலிருந்து 4.0 சதவீதமாகியிருந்தார்கள். தங்கள் தரவில் அப்படி எதுவும் இல்லை என்று மாநில அதிகாரிகள் உடனே மறுத்தார்கள். ஊரைத் தேவையின்றிப் பீதிக்குள்ளாக்குகிறார் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. குழந்தைகளுக்கு நஞ்சு ஏறுகிறது என்று சொன்ன மருத்துவரே தன் கணக்கைத் தானே சந்தேகிக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டார்.

ரிக் சாட்லர் இங்கே வருகிறார். ஃபிளின்ட் பகுதியிலேயே பிறந்து வளர்ந்த புவியியலாளர். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்தார். ஊரின் நெளிவுசுளிவு தெரிந்தவர் என்பதால், அஞ்சல் எண்ணை வைத்து ஃபிளின்ட்டைக் கணக்கிட்டால் என்ன நேரும் என்பது அவருக்கு உடனே புரிந்தது.

அமெரிக்க அஞ்சல் எண் 1963-இல் வந்தது. கடிதம் பிரிப்பவருக்கும் சுமப்பவருக்கும் வேலை எளிதாக வேண்டும் என்பது மட்டுமே அதன் நோக்கம். நகர எல்லை எங்கே முடிகிறது, தண்ணீர்க் குழாய் எங்கே முடிகிறது என்பதெல்லாம் அஞ்சல் துறைக்குத் தேவையில்லாத செய்தி. ஃபிளின்ட் என்று எழுதப்படும் முகவரிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று நகர எல்லைக்கு வெளியே, பக்கத்து ஊராட்சிகளில் இருந்தது. அந்த வீடுகளுக்கு ஆற்றுத் தண்ணீர் வரவேயில்லை. அவர்கள் பழைய தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் வசதியான குடும்பங்கள், புதிய வீடுகள். அந்தக் குழந்தைகளையும் சேர்த்து ஃபிளின்ட் குழந்தைகள் என்று சராசரி எடுத்தால், நகரத்துக்குள் ஏறிய நஞ்சு வெளியே ஏறாத நஞ்சோடு கலந்து நீர்த்துப்போகும்.

சாட்லர் செய்த வேலையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். புவித் தகவல் முறைமை என்ற மென்பொருளுக்கு முகவரி என்பது வெறும் எழுத்து. அதை நிலத்தின் மேல் ஒரு புள்ளியாக்க வேண்டும். இன்ன தெருவின் இந்தத் துண்டில் இடப்பக்கம் 100 முதல் 198 வரை இரட்டைப்படை எண்கள் உள்ளன என்று தெருப் பதிவேடு சொன்னால், 150-ஆம் எண் வீட்டை அந்தத் துண்டின் நடுவில் மென்பொருள் குத்திவிடும். எழுத்துப்பிழை உள்ள முகவரி, பாதி விடுபட்ட முகவரி ஆகியவற்றை ஒருவர் கையால் திருத்த வேண்டும். நாலாயிரத்துக்குச் சற்றே குறைவான குழந்தைகளை இப்படிப் புள்ளிகளாக்கிய பிறகு, நகர எல்லைக் கோட்டை மேலே விரித்து, ஒவ்வொரு புள்ளியும் உள்ளேயா வெளியேயா என்று கேட்டார். உள்ளே என்றால் ஒன்பது வார்டுகளில் எது என்று கேட்டார். எட்வர்ட்ஸ் குழுவின் தண்ணீர்ச் சோதனை முடிவுகளை இன்னோர் அடுக்காக விரித்து, காரீயம் அதிகம் இருந்த வார்டுகளைத் தனியே பிரித்தார்.

நகரத்துக்குள் 1473 குழந்தைகள்: தண்ணீர் மாறும் முன் 736, மாறிய பின் 737. வெளியே 2202 பேர். உள்ளே இருந்தவர்களில் காரீயம் கூடியவர்கள் 2.4 சதவீதத்திலிருந்து 4.9 சதவீதமானார்கள். தண்ணீரில் காரீயம் அதிகம் இருந்த வார்டுகளில் 4.0 சதவீதம் 10.6 ஆனது. ஐந்தாம் வார்டில் மட்டும் 4.9 சதவீதம் 15.7 ஆனது. நகரத்துக்கு வெளியே 0.7-இலிருந்து 1.2; புள்ளியியல் கணக்கில் அதை மாற்றம் என்று சொல்ல முடியாது. அஞ்சல் எண்ணில் 2.1, 4.0 என்று மங்கலாகத் தெரிந்தது, வீட்டு முகவரிக்கு இறங்கியதும் எந்த வார்டு, எந்தப் பக்கம் என்று சொல்லும் அளவுக்குத் துலங்கிவிட்டது.

இந்த எண்கள் எவ்வளவு சிறியவை என்பதையும் பார்க்க வேண்டும். நகரத்துக்குள் 2.4 சதவீதம் என்றால் சுமார் 18 குழந்தைகள், 4.9 என்றால் 36 குழந்தைகள். ஓர் ஆண்டில் தற்செயலாகவே ஏழெட்டுப் பேர் கூடலாம், குறையலாம். அத்தனை மெல்லிய குறி இது. வெளியூர்க் குழந்தைகள் சில நூறு பேரைக் கலந்தாலே அது மங்கிவிடும். பொதுச் சுகாதாரத்தில் எல்லைக் கோடு எங்கே விழுகிறது என்பதை எழுத்தர் வேலை என்று விட்டுவிட முடியாது என்று நான் கருதுவது இதனால்தான்.

மாநில அதிகாரிகள் ஒரு வாரத்தில் தங்கள் தரவை மீண்டும் அலசி, ஹன்னா-அத்திஷா சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டார்கள். அக்டோபர் 1 அன்று மாவட்ட நிர்வாகம் பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்து, குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்றது. அக்டோபர் 16 அன்று ஃபிளின்ட் மீண்டும் டெட்ராய்ட் தண்ணீருக்குத் திரும்பியது. முழு ஆய்வு அமெரிக்கப் பொதுச் சுகாதார ஆய்விதழில் வெளிவந்தது.

நோய் வரைபடம் என்றதும் எல்லா நூல்களும் 1854 லண்டனுக்கும், காலராவைப் பரப்பியது என்று மருத்துவர் ஜான் ஸ்னோ காட்டிய பிராட் தெருக் கைப்பம்புக்கும் போகும். அதே ஆண்டில் அதே ஸ்னோ செய்த இன்னொரு வேலைதான் ஃபிளின்ட்டுக்கு உண்மையான முன்னோடி. தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் இரண்டு தனியார் நிறுவனங்கள் ஒரே தெருக்களில் குழாய் போட்டிருந்தன. சவுத்வார்க் அண்ட் வாக்சால் நிறுவனம் சாக்கடை கலக்கும் இடத்திலேயே ஆற்று நீரை எடுத்தது. லாம்பெத் நிறுவனம் தன் நீரேற்றும் இடத்தை 1852-இல் மேலே தள்ளிக் கொண்டுபோயிருந்தது. அடுத்தடுத்த வீடுகளுக்கு வேறு வேறு தண்ணீர். காலராவில் இறந்தவர் வீட்டுக்கெல்லாம் போய், எந்த நிறுவனத்தின் தண்ணீர் என்று ஸ்னோ கேட்டார். வாடகைக்குக் குடியிருந்த பலருக்குத் தெரியவில்லை. தண்ணீரில் சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்த்தார்; உப்பு மிகுந்த சவுத்வார்க் தண்ணீர் வெள்ளையாகத் திரண்டு காட்டிக்கொடுத்தது. அந்தக் கொள்ளைநோயின் முதல் ஏழு வாரங்களில் பத்தாயிரம் வீடுகளுக்கு அந்த நிறுவனத்தின் பகுதியில் 315 சாவுகள். லாம்பெத் பகுதியில் 37. தேவாலயப் பங்கு வாரியாகக் கணக்கெடுத்திருந்தால் இரண்டும் கலந்து எதுவும் தெரிந்திருக்காது. நோயைக் கண்டுபிடிக்க நோய்க் காரணியின் எல்லையைப் பின்தொடர வேண்டும் என்பதை ஸ்னோ கால்நடையாகச் செய்து காட்டினார்.

சாட்லர் இன்னொரு படியும் போனார். பரிசோதனை செய்துகொண்ட குழந்தைகள் ஊர் முழுக்கச் சீராகப் பரவியிருக்க மாட்டார்கள். நடுவே வெற்றிடங்கள் இருக்கும். அந்த இடங்களில் நிலைமை எப்படி என்பதை அக்கம்பக்கத்துப் புள்ளிகளிலிருந்து மதிப்பிட கிரிகிங் என்ற முறை உண்டு. தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பொறியாளர் டேனி கிரிகே, துளையிட்ட சில இடங்களில் கிடைத்த தங்கத்தின் அளவை வைத்து, துளையிடாத இடத்தில் எவ்வளவு இருக்கும் என்று கணிக்க 1951-இல் வழி சொன்னார். பின்னர் பிரான்சின் ஜார்ஜ் மாத்தரோன் அதற்கு முழுக் கணித வடிவம் தந்து, கிரிகேயின் பெயரையே சூட்டினார். அருகில் உள்ள புள்ளிக்கு அதிக எடை, தொலைவில் உள்ளதற்குக் குறைந்த எடை. எந்தத் தொலைவுக்கு அப்பால் உறவே இல்லை என்பதையும் தரவிலிருந்தே கண்டுபிடிப்பது அதன் சாரம். தங்கம் தேடப் பிறந்த கணக்கு ஃபிளின்ட்டில் குழந்தைகளின் ரத்தத்தில் காரீயம் எங்கே ஏறியிருக்கக்கூடும் என்று காட்டியது. வடிகட்டிகளையும் பாட்டில் தண்ணீரையும் சத்துணவையும் முதலில் எங்கே கொண்டுபோவது என்பதற்கு அத்தகைய படம் கைகொடுக்கும்.

ஆனாலும் அந்தப் படத்தில் இல்லாதவர்களை மறக்கக் கூடாது. பரிசோதனைக்கு வராத குழந்தை வரைபடத்தில் கிடையாது. ஒரு வயதுக்குக் குறைந்த, புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகள்தான் உடல் எடைக்கு மிக அதிகமாகக் குழாய்த் தண்ணீரை உட்கொண்டவர்கள். பரிசோதனை வயது வராததால் அவர்களில் பெரும்பாலோர் கணக்கில் சேரவில்லை. உண்மை நிலை 4.9 சதவீதத்தை விட மோசமாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள்.

வீட்டு முகவரிவரை இறங்கும் வரைபடம் ஆபத்தும் கொண்டது. இன்ன வீட்டுப் பிள்ளைக்கு ரத்தத்தில் காரீயம் என்று அக்கம்பக்கம் அறிந்தால், அந்தப் பிள்ளை பள்ளியில் எப்படி நடத்தப்படும்? அந்த வீடு என்ன விலை போகும்? எனவே ஆய்வுக்குள் புள்ளியாக வைத்திருந்ததை வெளியே காட்டும்போது வார்டாகவோ நிறச் சாயலாகவோ மாற்றிவிடுவார்கள். புள்ளி ஆய்வாளருக்கு, சாயல் ஊருக்கு. இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்காத நோய் வரைபடம் எதுவும் வெளியே வரவே கூடாது. நோயாளியின் வீட்டு வாசலில் பலகை அடிப்பதும் அதுவும் ஒன்றுதான்.

தண்ணீர் மாறியதோடு வேலை முடியவில்லை. படலம் உரிந்த குழாய்கள் இன்னும் மண்ணுக்கடியில் கிடந்தன. அவற்றைத் தோண்டி எடுக்க வேண்டும். எந்த வீட்டின் முன்னால் காரீயக் குழாய், எந்த வீட்டின் முன்னால் செம்புக் குழாய்? நகர அலுவலகத்தில் பல்லாயிரம் சிறு அட்டைகளும், பென்சில் குறிப்புகளோடு பழைய பெரிய வரைபடங்களும் இருந்தன. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபிளின்ட் கிளையில் மார்ட்டின் காஃப்மன் என்ற புவியியலாளரின் குழு அவற்றைக் கணினிக்குள் ஏற்றியது. அட்டைகளோ அரைகுறை, பல இடங்களில் அட்டை சொன்னது ஒன்று, மண்ணுக்குள் இருந்தது வேறு.

அதே பல்கலைக்கழகத்தின் ஜேக்கப் அபர்நெதி, எரிக் ஷ்வார்ட்ஸ் இருவரும் தங்கள் மாணவர்களோடு சேர்ந்து ஒரு கணினி மாதிரியை உருவாக்கினார்கள். வீடு கட்டிய ஆண்டு, மதிப்பு, இருக்கும் இடம், அட்டையின் குறிப்பு, அக்கம்பக்கத்தில் தோண்டியபோது கிடைத்தது ஆகியவற்றைக் கொடுத்தால், இந்த வீட்டில் காரீயக் குழாய் இருக்கும் வாய்ப்பு இத்தனை என்று அது சொல்லும். தோண்டத் தோண்டக் கிடைக்கும் விடைகளை மீண்டும் உள்ளே கொடுத்தால் இன்னும் கூர்மையாகும். 2017-இல் அது காட்டிய இடங்களில் தோண்டியபோது பத்தில் ஏழு இடங்களுக்கு மேல் காரீயக் குழாய் கிடைத்தது.

2018-இல் திட்டத்தை நடத்த ஒரு தேசிய ஒப்பந்த நிறுவனம் வந்தது. மாதிரி ஓரமாக வைக்கப்பட்டது. எங்களை விட்டுவிட்டு அடுத்த தெருவில் ஏன் தோண்டுகிறீர்கள் என்று மக்கள் கேட்டதும் இதற்கு ஒரு காரணம். அந்தக் கேள்வி நியாயமானது. ஏமாற்றப்பட்ட ஊரில் கணினி சொன்னது என்ற பதிலை யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் விளைவைப் பாருங்கள். டிசம்பர் நடுவரை 10,531 இடங்களில் தோண்டியும் காரீயக் குழாய் கிடைத்தது 1,567 இடங்களில், அதாவது நூற்றுக்கு 15. காரீயம் இருக்க வாய்ப்பு அதிகம் என்று மாதிரி காட்டிய வீடுகள் காத்துக்கொண்டிருக்க, செம்புக் குழாய்களைத் தோண்டிப் பார்த்து மூடிக்கொண்டிருந்தார்கள். குடிமக்கள் அமைப்புகள் நீதிமன்றம் போய்ப் பெற்ற உடன்பாட்டின் பேரில் 2019-இல் மாதிரிக்குத் திரும்பினார்கள். 2025 ஜூலையில், ஏறத்தாழ 11,000 காரீயக் குழாய்கள் மாற்றப்பட்டுவிட்டதாக நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கப்பட்டது. 2014-இல் தண்ணீரை மாற்ற ஒரு நாள் போதுமானதாக இருந்தது; அன்றிலிருந்து குழாய்கள் மாறிமுடியப் பதினோரு ஆண்டுகள் ஆயின.

இதைப் படிக்கும் தமிழ்நாட்டு வாசகருக்குப் பின்கோடு நினைவுக்கு வந்திருக்கும். 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்த நமது ஆறு இலக்க எண்ணும் கடிதம் பிரிப்பதற்காகவே வந்தது. மாநகராட்சி வார்டு, பேரூராட்சி எல்லை, குடிநீர் வாரியத்தின் பகிர்மானப் பகுதி ஆகியவற்றோடு அது பொருந்த வேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. நம் சிக்கல் ஃபிளின்ட்டை விடவும் கூடுதல். சென்னையின் ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு வாரியக் குழாய், அடுத்த வீட்டுக்குப் போர் தண்ணீர், மாடிக் குடித்தனத்துக்குக் கேன், கடைசி வீட்டுக்கு லாரி. ஸ்னோவின் தென் லண்டன் இன்றும் நம் தெருக்களில் இருக்கிறது. கதவு எண்ணோ பழையது 32, புதியது 14. கிராமத்தில் "ரேஷன் கடைக்கு எதிரில்" என்பதே முகவரி. கைப்பேசி காட்டும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இந்தக் குழப்பத்தை ஒரு நொடியில் தீர்க்கும். துணைச் சுகாதார நிலையச் சுவரில் கையால் வரைந்த ஊர்ப் படத்தைப் பார்த்திருப்பீர்கள்: கிணறு, கோயில், தெரு, மேல்நிலைத் தொட்டி எல்லாம் அதில் இருக்கும். எந்தத் தெரு எந்தத் தண்ணீரைக் குடிக்கிறது என்பது கிராம சுகாதார செவிலியருக்கு மனப்பாடம். அந்த அறிவு மாவட்டக் கணினிக்குப் போய்ச் சேர வேண்டும்.

மருத்துவமனைகளையும் ஆய்வகங்களையும் சுகாதாரத் துறையையும் நடத்துகிறவர்களிடம் கேட்பது இவ்வளவுதான். வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை, டைபாய்டு என்று வரும் ஒவ்வொரு நோயாளியின் சீட்டிலும் பின்கோட்டோடு நிறுத்தாதீர்கள். தெரு, கதவு எண், வார்டு, குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற நான்கையும் எழுத இடம் விடுங்கள், எழுதவும் செய்யுங்கள். வாசகரே, அடுத்த முறை பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும்போது சீட்டில் அந்தக் கட்டங்கள் இல்லாவிட்டால், ஏன் இல்லை என்று கேளுங்கள்.